ஜீப்பில் வாசித்த கட்டுரை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். எனக்குப் பழகிய எழுத்தெல்லாம் ஐந்தாறு வரிதான். யார், எங்கே, எப்போது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களா, போலீசார் விசாரிக்கிறார்களா. அதற்கு மேல் எழுதினால் மதுரைப் பத்திரிகை ஆபீசில் வெட்டிவிடுவார்கள் என்று கை தானாக நின்றுவிடும். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் கடல் தாண்டிப் போகிறார்கள். நான் போனது என் வீட்டுக் கொல்லையில் நின்றால் தெரிகிற மலைக்கு. ஆனாலும் மேலே வேறு மாநிலம், வேறு பாஷை, டீக்குக்கூட வேறு பெயர். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிலமலைக்காரன். பெயர் பால்ச்சாமி. போடிநாயக்கனூரில் ஒரு பெரிய தினசரிக்குப் பகுதிநேர நிருபர். ஏலக்காய் விலை, பஸ் மோதல், கோயில் கொடியேற்றம், குடிநீர் கேட்டு மறியல் என்று இருபது வருஷத்துக்கு மேல் அனுப்பிவருகிறேன். என் பெயர் ஒரு நாளும் வந்ததில்லை. 'நமது நிருபர்' என்றுதான் வரும். போடிக்கு மறுபடியும் ரயில் வந்தபோது மதுரையிலிருந்து சம்பளக்கார நிருபர் ஒருவர் வந்து இறங்கினார். என்னிடம் விவரமெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு அவர் பெயரில் போட்டுக்கொண்டார். எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கடைகளிலும் எஸ்டேட்டுகளிலும் கேட்டு மலருக்கு விளம்பரம் வாங்கித் தர வேண்டும். ஆபீசுக்கு என் ஞாபகம் வருவது பெரும்பாலும் அப்போதுதான்.

போன மாதம் மதுரை ஆபீசிலிருந்து உதவி ஆசிரியர் பேசினார். என்னைவிட வயதில் மிகவும் சின்னவர்.

"அண்ணே, உங்க பக்கம் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போற அம்மா ஒருத்தங்க வாட்ஸ்அப்பில நியூஸ் சொல்றாங்களாமே. மகளிர் பக்கத்துக்கு அரைப் பக்கம் வேணும். ரெண்டு நாள் கூடவே போய் இருந்து பாருங்க. இந்தத் தடவை உங்க பேரோடவே போட்டிருவோம்."

பெயர் என்றதும் காது சூடாயிற்று. யாரைப் பற்றி என்று நினைத்ததும் வயிறும் சூடாயிற்று.

தவமணியை எனக்கு நேரில் பழக்கமில்லை. குரல் பழக்கம். என் வீட்டில் அந்தக் குரல் தினமும் கேட்கிறது. போடியிலிருந்து ஜீப்பில் மலைக்கு வேலைக்குப் போய்வருகிற பெண்களில் அவரும் ஒருவர். சாயங்காலம் திரும்பி வரும்போது அன்றைய சேதியைத் தன் குரலில் பதிந்து அனுப்புவார். எந்த எஸ்டேட்டில் நாளைக்கு வேலை, எங்கே யானை நிற்கிறது, எந்த ரேஷன் கடையில் புழுத்த அரிசி, யாருக்கு என்ன அநியாயம் என்று எல்லாம் அதில் இருக்கும். ஜனங்கள் அதை 'ஜீப்புச் சேதி' என்கிறார்கள். என் மனைவி சரசு நான் செய்தி அனுப்புகிற பேப்பரைப் பிரித்துப் பார்த்து வருஷக்கணக்காகிறது. ஆனால் அரிசி களைந்துகொண்டே ஜீப்புச் சேதி கேட்பாள். மலைப்பாதையில் ஒரு லாரி தீப்பிடித்ததை நிருபரான நான் என் அடுப்படியிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை விடிவதற்குள் ஜீப் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, தூக்குவாளியோடு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குக் கூட்டம் என்றாலே கூச்சம். அதிலும் பெண்கள் கூட்டம். எந்தப் பக்கம் ஏறுவது என்று தெரியாமல் ஜீப்பைச் சுற்றி வந்தேன்.

"என்னண்ணே, டயரு எண்ணுறீகளா? நாலுதான்" என்றார் டிரைவர் செல்லப்பாண்டி. "முன்னாடி ஏறுங்க."

"பேப்பர்காரராம்டி. நம்ம தவமணியப் பத்தி எழுதப் போறாராம்" என்று உள்ளே ஒரு குரல்.

"அவளப் பத்தி எழுத என்ன இருக்கு? அவ வாயத் தொறந்தா மூடமாட்டா. அதத்தான் ஊரே கேக்குதே" என்றார் ஒரு பெரியம்மா. மூக்கம்மா என்று பெயர். அந்த ஜீப்பில் கடைசி சீட்டு அவருடையது. அங்கிருந்து யாரையும் எதுவும் சொல்லலாம் என்பது வழக்கமாம்.

தவமணி நடுவில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மழைக்கு நனையாதபடி போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். "வாங்கண்ணே" என்றதோடு சரி. ஊரே கேட்கும் குரல் இவ்வளவு சாதாரணமாக இருந்தது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

முந்தல் செக்போஸ்ட் தாண்டியதும் ஏற்றம். வளைவுக்கு வளைவு கீழே போடி சின்னதாகிக்கொண்டே போனது. குரங்கணி வரைக்கும் செய்திக்காகப் பலமுறை போயிருக்கிறேன். ஆனால் இந்தப் பாதையில் மேலே போய்த் தங்கியது கிடையாது. தினமும் இத்தனை ஜீப்புகள் ஏறி இறங்குகின்றன. கவிழ்ந்தால் மட்டும்தான் நான் எழுதியிருக்கிறேன்.

போடிமெட்டில் டீக்கடை. பால் இல்லாத டீயை அங்கே 'கட்டன்' என்கிறார்கள். நம் ஊர் டீ நாக்கில் ஒட்டும். இது கழுவிவிட்ட மாதிரி போகிறது. கூடவே பழம்பொரி தின்றேன். வாழைப்பழத்தைப் பஜ்ஜி போடலாம் என்று நம் ஊரில் யாருக்கும் தோன்றாதது ஆச்சரியம்தான். பெஞ்சில் எங்கள் பேப்பர் கிடந்தது. ஒருவர் எடுத்து ராசிபலன் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். பிறகு போனை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டு தலையாட்டிக் கேட்டார். சத்தம் வெளியே வந்தது. சனிக்கிழமை ஜீப்புச் சேதி. என் பக்கத்தில் கட்டன் குடித்துக்கொண்டிருந்த தவமணி அதைக் கவனிக்கவே இல்லை. எனக்கு அப்படி ஒரு நாள் வாய்த்திருந்தால் அந்த ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்.

எஸ்டேட்டின் பெயர் வேண்டாம். உள்ளே போனதும் வெளிச்சம் பாதியாகக் குறைந்துவிட்டது. பெரிய மரங்கள், கீழே ஆள் உயர ஏலச்செடி, அதற்குக் கீழே ஈரம். காய், செடியின் உச்சியில் இல்லை. தூரடியில், மண்ணோடு ஒட்டிய சரத்தில் இருக்கிறது. அதனால் எல்லோரும் குத்த வைத்துக் குனிந்துதான் எடுக்க வேண்டும். நான் வேடிக்கை பார்த்து நின்ற நேரத்தில் இரண்டு கால்களிலும் அட்டை ஏறிவிட்டது. ஒரு பெண் உப்புத் துணியைக் கொண்டுவந்து தேய்த்து எடுத்தார். "அட்டைக்கும் பேப்பர்காரருக்கும் என்னடி தகராறு" என்று எங்கிருந்தோ ஒரு குரல். சிரிப்பு நாலா பக்கமும் கேட்டது. முகம் ஒன்றும் தெரியவில்லை.

தவமணி எப்படிச் செய்தி சேகரிக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. அவர் யாரிடமும் போய்க் கேட்பதில்லை. எல்லோர் தலையும் தூரடியில் இருக்கிறது. அப்படியே குனிந்தபடி ஒருத்தி சொல்கிறாள்: "லயத்து வீட்டுல ரெண்டு நாளா தண்ணி வரலத்தா." செடிக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொருத்தி: "ரெண்டு இல்ல, மூணு." கங்காணி வரப்பில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். சொன்னது எந்தத் தூரடி என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. நான் பேனாவும் பேப்பருமாக ஒரு வீட்டு வாசலில் நின்றால், உள்ளே பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு நாற்காலி எடுத்துப் போடுவார்கள். இத்தனை வருஷமும் நான் அந்த நாற்காலியை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணி வாக்கில் மேனேஜர் ஆள் அனுப்பினார். அவர் எனக்கு வேண்டியவர். வருஷாவருஷம் பொங்கல் மலருக்கு விளம்பரம் கொடுப்பவர். ஆபீஸ் வராந்தாவில் நாற்காலி போட்டிருந்தது.

"நிருபர் சாரே, வரணும், இரிக்கணும். சாயா குடிக்கலாம்" என்றார். அவருக்குத் தமிழும் மலையாளமும் கலந்துதான் வரும். "அந்தச் சேச்சி நல்ல ஆளாணு. ஆனா பழைய மருந்துக் கதையெல்லாம் எதுக்கு? எஸ்டேட் சப்போர்ட்டுலதான் இதைச் செய்யுதுன்னு ஒரு வரி போடுங்க. இந்த வருஷம் மலருக்கு முழுப் பக்கமே கொடுத்திரலாம்."

"பாக்குறேன் சார்" என்றேன். நான் வழக்கமாகச் சொல்கிற பதில் அது. காய் மூட்டையோடு ஸ்டோருக்குப் போன இரண்டு பெண்கள், வராந்தாவில் நான் சாயா குடிப்பதைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

மருந்துக் கதை என்று அவர் சொன்னது இதுதான். முன்பு பெண்கள் கீழ்ச் சரிவில் காய் எடுத்துக்கொண்டிருக்கும்போதே மேல் சரிவில் பூச்சிமருந்து அடிப்பார்கள். காற்றில் இறங்கி வரும். வாந்தி, தலைச்சுற்றல், கண்ணெரிச்சல். சிலமலைப் பெண் ஒருத்தி என்னிடமும் சொன்னாள். நானும் எழுதி அனுப்பினேன். வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. தவமணி அதை நாள்தோறும் சொன்னார். பாதிக்கப்பட்ட ஒவ்வொருத்தியும் தன் பெயரைச் சொல்லித் தன் குரலில் பேசினாள். கொஞ்ச நாளில் எஸ்டேட்டே முறையை மாற்றிக்கொண்டது. இப்போது எந்தப் பக்கம் மருந்தடிப்பு என்று முதல் நாளே சொல்லிவிட்டு, வேறு பக்கம் வேலை கொடுக்கிறார்கள். என் செய்தியால் எதுவாவது மாறியிருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு தெருவிளக்கு ஞாபகம் வந்தது. அதுவும் பிறகு அணைந்துபோனது.

சாயங்காலம் ஜீப் போடிமெட்டைத் தாண்டி நாலைந்து வளைவுதான் இறங்கியிருக்கும். முன்னால் மரம் ஏற்றி வந்த லாரி குறுக்கே சாய்ந்து கிடந்தது. ஜீப்புகள் வரிசையாக நின்றன. பனி இறங்கியது.

"கெடக்குற நேரத்துல சேதியைப் போடுத்தா" என்றார் மூக்கம்மா.

இங்கேதான் அவர்களின் ஒரு முறையைச் சொல்ல வேண்டும். தவமணி சேதியைப் பதிந்ததும் அனுப்பிவிடுவதில்லை. இறங்கும்போது ஜீப்பின் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுவார். அதில் யார் பேச்சு வருகிறதோ அவர் கேட்டாக வேண்டும். வேறு ஜீப்பில் இருந்தால் அவருக்கு மட்டும் முதலில் அனுப்பிக் கேட்கச் சொல்வார். யாராவது 'அப்படி இல்ல' என்றால் மறுபடி பதிய வேண்டும். எல்லாம் சரியான பிறகு, சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் முந்தலில்தான் ஊருக்கு அனுப்புவார்.

அன்றைய சேதி ஓடியது. லயத்தில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை என்று வந்ததும், "மூணுன்னு சொன்னேன்ல, காதுல என்ன பஞ்சா?" என்றாள் ஒருத்தி. தவமணி மறு பேச்சில்லாமல் திருத்திப் பதிந்தார். அடுத்தது, பிள்ளைகள் காப்பகத்தில் கூரை ஒழுகுகிறது, டீச்சர் கண்டுகொள்ளவில்லை என்பது.

"இது இன்னிக்குப் போகாது" என்றார் தவமணி. "டீச்சரு இன்னும் கேக்கல."

எங்கள் ஆபீசிலும் செய்தியை நிறுத்தி வைப்பார்கள். யார் கேட்டுச் சொல்ல வேண்டும் என்பதில்தான் வித்தியாசம்.

"ஒங்க பேப்பர்லயும் இப்படித்தானண்ணே வாசிச்சுக் காட்டுவாக?" என்று செல்லப்பாண்டி என்னைக் கேட்டார். கிண்டலா இல்லையா என்று தெரியவில்லை. நான் பனியைப் பார்த்தேன். இருபது வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம் 'அப்படி இல்ல' என்று சொன்னது கிடையாது. நான் சரியாக எழுதுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

லாரி அசையவில்லை. எல்லா ஜீப்பும் திரும்பி மேலே ஏறின. என்னையும் தவமணியையும் அவருடைய நாத்தனார் வீட்டில் இறக்கிவிட்டார்கள். எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒற்றை அறையும் அடுப்படியும். கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கும் மத்தி மீன் குழம்பும் போட்டார்கள். கிழங்கைச் சோறு மாதிரி தின்பது எனக்குப் புதிது; ஆனாலும் இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் எப்படியோ சிக்னல் வந்து சரசு கூப்பிட்டாள். நான் வீடு வராததைக் கேட்கப் போகிறாள் என்று எடுத்தேன்.

"ஏங்க, இன்னிக்கு ஏன் சேதி வரல?" என்றாள்.

போனைத் தவமணியிடம் கொடுத்தேன். இருவரும் வெகுநாள் பழகியவர்கள் போலப் பேசினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை தவமணி வேலைக்குப் போய்விட்டார். நான் பூப்பாறை வரை நடந்தேன். கடைப் பலகைகள் மலையாளத்தில். கடைக்குள் பேச்சு தமிழில். முடிவெட்டும் கடையில் ஒருவர், "தமிழ்நாட்டுப் பத்திரிகையா? எங்களைப் பத்தி உங்காளுக எழுத மாட்டாக, கேரளாக்காரன்பாக. இங்க உள்ள பேப்பர்காரவுக எழுத மாட்டாக, தமிழன்பாக. தவமணி ஒண்ணுதான்" என்றார். நான் பாதி முடிவெட்டிய தலையோடு எங்கே ஓடுவது. உட்கார்ந்து கேட்டேன்.

லயத்துக்குத் திரும்பி போனில் கட்டுரையைத் தட்டினேன். வேகமாக வந்தது. நன்றாக எழுதுகிறோம் என்றே நினைத்தேன்.

வழி சரியாகிவிட்டதால் சாயங்காலம் ஜீப்பில் இறங்கினோம். மெட்டு தாண்டியதும் தவமணி திரும்பினார்.

"அண்ணே, எழுதிட்டீகளா? வாசிங்க."

"ஆபீசுக்கு அனுப்பினப்புறம் வருமே, அப்பப் பாக்கலாம்" என்றேன்.

"எங்க மொறை அது இல்லண்ணே. எம் பேச்சு வருதுல்ல. நான் கேக்கணும். இவுக பேச்சும் வருது."

"வெரசா வாசிங்கண்ணே, முந்தல் வந்துரும்" என்றார்கள் பின்னால்.

என் எழுத்தை நான் வாய்விட்டு வாசித்ததே இல்லை. ஜீப் குலுங்கியதில் ஒரே வரியை இரண்டு தடவை வாசித்தேன்.

"படிப்பறிவு இல்லாத தவமணி, பொழுதுபோக்காக..." என்று வந்ததும் மூக்கம்மா நிறுத்தினார்.

"எட்டாப்புப் படிச்சவ. ஒங்களவிட ரெண்டு கிளாசுதான் கம்மி. அதுக்குப் படிப்பறிவே இல்லன்னு எழுதுவீகளா?"

"பொழுதுபோக்கா?" என்றாள் இன்னொருத்தி. "பகலெல்லாம் குனிஞ்சு காய் எடுத்துட்டு இவளுக்குப் பொழுது வேற போகலையாக்கும்."

நான் திருத்தினேன். "'விவரம் தெரியாத பெண்களின் ஆதரவோடு' என்பது..." என்று நானே அடுத்ததைச் சொல்லி எடுத்துவிட்டேன்.

"அண்ணே," என்றார் மூக்கம்மா, "ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீக. எழுத்தெல்லாம் வயித்தெரிச்சல்ல எழுதுன மாதிரி இருக்கே. அவ ஒங்களுக்கு என்ன பண்ணினா?"

ஜீப் முழுக்கச் சிரிப்பு. செல்லப்பாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம்.

"ஒண்ணும் பண்ணலத்தா" என்றேன். "எரிச்சல்தான்."

அதற்கு மேல் அவர்கள் சிரிக்கவில்லை. "அட, அதனால என்ன. திருத்திக்கிட்டாப் போச்சு" என்றார் மூக்கம்மா.

தவமணி முழுவதும் கேட்டுவிட்டு இரண்டே விஷயம் சொன்னார். ஒன்று, அவர் தப்பாகச் சொன்ன ஒரு சேதியையும் சேர்க்க வேண்டுமாம். ஒரு நாள் ஜீப் வரவில்லை. டிரைவர் குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று அவசரத்தில் யாரிடமும் கேட்காமல் அனுப்பிவிட்டார். உண்மையில் டிரைவர் பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார். அந்த டிரைவர் செல்லப்பாண்டி. ஜீப்பில் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவது என்ற முறை அதற்கப்புறம் வந்ததாம்.

"மூணு நாளு எம் பேரச் சொல்லி மன்னிப்புக் கேட்டுச்சுண்ணே" என்றார் செல்லப்பாண்டி. "அது வரைக்கும் கேக்காதவன்கூட, என்ன மாப்ளே குடிச்சியாமேன்னு கேட்டான்."

இரண்டாவதைத் தவமணி என்னைப் பார்த்துச் சொன்னார். "நேத்து மேனேஜரு ஒங்களுக்குச் சாயா வாங்கிக் குடுத்தாருன்னு சொன்னாக. என்கிட்டயும் காசு தர்றேன், ஓணத்துக்கு எஸ்டேட்டு வாழ்த்துப் போடுன்னு கேட்டாரு. வேணாம்னுட்டேன். கேக்குறவுக குடுக்குறதுல ரீசார்ஜ் ஆயிருது, அது போதும். எஸ்டேட்டுத் தயவுல நடத்துறான்னு ஒரே ஒரு வார்த்தை வந்தாப் போதும்ணே, நாளைக்கு ஒருத்தியும் எங்கிட்ட வாயத் தொறக்க மாட்டா. அதோட முடிஞ்சுது. அது மட்டும் வரக் கூடாது."

"வராது" என்றேன். எல்லோரும் கேட்டார்கள்.

முந்தலில் அவர் ஜீப்புச் சேதியை அனுப்பினார். நான் கட்டுரையை அனுப்பினேன். இரண்டு போனும் ஒரே நேரத்தில் சத்தம் கொடுத்தன. அவருக்கு உடனே பதில்கள் வந்து விழ ஆரம்பித்தன. எனக்கு நீல டிக்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தேன். உதவி ஆசிரியர் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். தவமணியின் படம் பெரிதாக இருந்தது. தலைப்புக்குக் கீழே, கொட்டை எழுத்தில், 'சிலமலை பால்ச்சாமி'. நான் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். சின்னதாக்கி, மறுபடி பெரிதாக்கினேன். அச்சில் என் பெயர் இப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்ததைவிட நன்றாக இருந்தது.

சரசு தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "ஒங்க பேரா?" என்று போனை வாங்கினாள். முகமெல்லாம் சந்தோஷம். அவள் மெதுவாகத்தான் வாசிப்பாள். கடைசிப் பத்தியில் நின்றாள்.

"எஸ்டேட் நிர்வாகத்தின் ஆதரவோடும் ஊக்கத்தோடும்னு போட்டிருக்கு. இத ஜீப்புல வாசிச்சீகளா?"

நான் அதுவரை பெயரைத் தாண்டிப் படிக்கவில்லை. வாங்கிப் பார்த்தேன். மருந்தடிப்பு விஷயம் முழுவதும் இல்லை. செல்லப்பாண்டி விஷயமும் இல்லை.

"இல்ல" என்றேன். சரசு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆபீசுக்கு நானாகக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. கொல்லைக்குப் போய் நின்று கூப்பிட்டேன்.

"சார், கடைசி வரிய எடுத்திரணும்."

"அது விளம்பரப் பிரிவுலேருந்து சொன்னதுண்ணே. அந்த எஸ்டேட் முழுப் பக்கம் தர்றாங்களாமே. நீங்கதான் பேசி வச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க."

"நான் பேசல சார். பாக்குறேன்னுதான் சொன்னேன்."

"அதுக்கு வேற என்ன அர்த்தம்ணே?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. "பக்கம் போகப் போகுது. உங்க பேரு எவ்வளவு அழகா இருக்கு பாத்தீங்கல்ல? இத விட்டா இனி எப்பவோ."

மலையில் லயத்து விளக்குகள் ஒன்றிரண்டு தெரிந்தன. எனக்கு அப்போதும் தவமணி மேல்தான் எரிச்சலாக வந்தது. தன் பேச்சைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ள அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு சுலபமாக முடிகிறது என்று.

"வரிய எடுக்க முடியாதுன்னா எம் பேர எடுத்திருங்க சார்."

"பேர எடுக்குறது ஒரு நிமிஷ வேலைண்ணே. யோசிச்சுச் சொல்லுங்க."

"எடுத்திருங்க" என்றேன்.

மறுநாள் புதன்கிழமை கட்டுரை வந்தது. எஸ்டேட் வரி இருந்தது. என் பெயர் இல்லை. 'நமது நிருபர்' என்று இருந்தது. காலை ஜீப்பில் ஏறினேன். எல்லோரும் அதற்குள் பார்த்திருந்தார்கள். மேலே போகும் வரை யாரும் என்னோடு பேசவில்லை. சாயங்காலம் இறங்கும்போது தவமணி போனை என்னிடம் நீட்டினார். என் பெயரைச் சொல்லி, அந்தக் கட்டுரையை எழுதியவன் நான் என்றும், எஸ்டேட்டுக்கும் ஜீப்புச் சேதிக்கும் சம்பந்தம் இல்லை என்றும், அந்த வரி தவறுதலாக இடம்பெற்றுவிட்டது என்றும் பதிந்தேன். ஸ்பீக்கரில் போட்டார்கள். "தவறுதலா எங்க இடம்பெத்துச்சு? தெரிஞ்சுதான போட்டாக" என்றார் மூக்கம்மா. மறுபடி பதிந்தேன். தெரிந்தே போட்டார்கள் என்று சொன்னேன். முந்தலில் சிக்னல் வந்ததும் தவமணி அதை அனுப்பினார்.